அவசர விறகு ஈர விறகுதான்



இந்த முறை விறகைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சங்கத்து நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "இந்தக் காலத்திலே யாருங்க விறகு எரிக்கிறாங்க? எல்லார் வீட்டிலேயும் கேஸ் தோங் இருக்கே!" என்றார். இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விடியற்காலை பெரட்டுக்குப் போகும் நேரத்தில் கம்போங் ராஜா பக்கத்து லயங்களின் பின்புறமாக ஒரு நடை நடந்து பாருங்கள். தகரக் கொட்டகைகளிலிருந்து புகை வந்துகொண்டிருக்கும். உள்ளே மூன்று கல்லின் மேல் ஒரு பெரிய பானையோ பழைய டிரம்மோ இருக்கும். குளிக்க வெந்நீர்.

நம் மலையில் வெந்நீர் ஆடம்பரம் இல்லை. கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியது. நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் அதுதான். தினமும் அவ்வளவு குளிர் இல்லாவிட்டாலும், மழையில் நனைந்து கொழுந்து எடுத்துவிட்டு வருகிற பெண்ணைப் பச்சைத் தண்ணீரில் குளி என்று யாரும் சொல்ல முடியாது. ஏழு பேர் உள்ள வீட்டில் குளிக்கும் தண்ணீரைக் கேஸில் சுட வைத்தால் மாதக் கடைசியில் தோங் காலி. அதனால் சமையல் கேஸில், வெந்நீர் விறகில் என்று நம் சனங்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். தீபாவளிப் பலகாரம், கோயில் அன்னதானம், பொங்கல், துக்க வீட்டுச் சமையல் எல்லாம் இன்னும் விறகில்தான். ஆகவே விறகே வேண்டாம் என்று இங்கே உபதேசம் செய்ய நான் வரவில்லை. எரிப்பதானால் எந்த விறகை எரிக்க வேண்டும், அதை எங்கிருந்து, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பேச்சு.

மலையில் ஒருவருக்கு இருமல் வந்தால் மூன்று பேர் மேல் பழி விழும். ஒன்று பனி, இரண்டாவது தேயிலைத் தூசி, மூன்றாவது சிகரெட். அடுப்பின் மேல் யாரும் பழி போடுவதில்லை.

ஒரு பாட்டி நாலு மாதமாக இருமிக்கொண்டிருந்தார். காசநோயாக இருக்குமோ என்று சளியைச் சோதித்தாயிற்று, கிருமி இல்லை. நெஞ்சுப் படமும் எடுத்தாயிற்று. சிகரெட் பழக்கம் கிடையாது. கடைசியில் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அந்த வீட்டில் வெந்நீர் அடுப்பு அவருடைய பொறுப்பு. மழைச் சாரல் அடிக்கக்கூடாது என்று கொட்டகையின் மூன்று பக்கமும் பிளாஸ்டிக் கித்தானால் மூடி வைத்திருந்தார்கள். அடுப்பில் எரிந்த கட்டையின் நுனியில் சோப்பு நுரை மாதிரி கொதித்து வழிந்துகொண்டிருந்தது. "புகை கொசுவுக்கு நல்லதுதானே தம்பி" என்றார் பாட்டி. கொசுவுக்கு எப்படியோ, பாட்டியின் நெஞ்சுக்கு அது நல்லதாக இல்லை.

அந்த நுரைதான் விஷயம். பச்சை மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். பத்துக் கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அதில் நாலைந்து கிலோ தண்ணீரை முதலில் கொதிக்க வைத்து விரட்டியாக வேண்டும். உங்கள் பானையில் இருக்கிற தண்ணீர் சுடுவது அதற்குப் பிறகுதான். அது மட்டுமல்ல. தண்ணீர் ஆவியாகும்போது நெருப்பின் சூடு குறைகிறது. சூடு குறைந்தால் மரத்திலிருந்து கிளம்பும் வாயு முழுதாக எரியாது. எரியாமல் வெளியே வருகிற அதைத்தான் நாம் புகை என்கிறோம். நன்றாக உலர்ந்த விறகிலும் புகை உண்டு, ஆனால் மிகவும் குறைவு. ஈர விறகில் பிசின் மாதிரி ஒட்டும் கரி எண்ணெயும், கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயுவும், கண்ணுக்குத் தெரியாத நுண்தூளும் கிளம்புகின்றன. தலைமுடியின் தடிமனை முப்பதாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் அந்தத் தூள். மூக்கிலே முடி இருக்கிறது, தொண்டையிலே சளி இருக்கிறது, தடுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டுக்குள் இப்படிப் புகையும் அடுப்புகளால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். குழந்தைக்கு நிமோனியா, பெரியவர்களுக்குத் தீராத நெஞ்சுச் சளி, இருதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்று, இவ்வளவுக்கும் அடுப்புப் புகையில் பங்கு இருக்கிறது. கர்ப்பிணி புகையிலேயே உட்கார்ந்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். இடுப்பிலே குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்பு ஊதுகிற தாய்மார்கள் இதை இன்னொரு தரம் படிக்கவும்.

சரி, பாட்டி வீட்டு விறகு ஏன் ஈரமாக இருந்தது? அங்கேதான் கதை காட்டுப் பக்கம் திரும்புகிறது. பேரன் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், மண்டோர் கண்ணில் படாமல், காட்டோரமாகப் போய், கைக்கு எட்டிய கிளைகளைப் பாராங்கால் வெட்டி இழுத்துக்கொண்டு வருகிறான். ஒளிந்து போகிறவனுக்கு நல்ல மரம் பார்க்க நேரம் ஏது? காய்ந்ததா பச்சையா என்று பார்க்க வெளிச்சம் ஏது? அடுக்கி வைத்துக் காய விடலாம் என்றால் கிராணி பார்த்துக் கேட்பாரே என்ற பயம். எனவே கொண்டுவந்த அன்றைக்கே அடுப்பில் போய்விடுகிறது. அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே ஓட்டம். அவசரமாக வந்த விறகு ஈர விறகாகத்தான் இருக்கும். பாட்டியின் இருமலுக்கு மருந்து என் அலமாரியில் பாதி இருந்தது என்றால், மீதிப் பாதி தோட்ட ஆபீசில் இருந்தது என்று சொல்வேன். அனுமதி இல்லாததுதான் அந்த நோயின் பாதி.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். நம்மைச் சுற்றி நிற்கும் காட்டில் பெரும்பகுதி அரசாங்கத்தின் நிரந்தர ஒதுக்கீட்டுக் காடு. மலாயில் ஹூத்தான் சிம்பான் என்று பலகை வைத்திருப்பார்கள். 1984ல் வந்த தேசிய வனச் சட்டப்படி அதிலிருந்து லைசென்ஸ் இல்லாமல் மரம் மட்டுமல்ல, எந்த வன விளைபொருளையும் எடுப்பது குற்றம். 1993லும் 2022லும் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியிருக்கிறார்கள்; அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. "கீழே விழுந்து கிடக்கிற கட்டைதானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. "அஸ்லிக்காரர்கள் எடுக்கிறார்களே" என்றும் சிலர் கேட்கிறார்கள். செமாய் மக்கள் நமக்கெல்லாம் முன்பிருந்தே இந்த மலையில் வாழ்கிறவர்கள். வீட்டு உபயோக விறகு போன்றவற்றுக்கு அவர்களுக்குச் சட்டத்திலேயே தனிச் சலுகை வைத்திருக்கிறது. அதைப் பார்த்து நாமும் இறங்கிவிடக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும. பராமரிக்கிற காடு என்றால் பூட்டி வைத்த காடு என்று அர்த்தமில்லை. நம் தீபகற்பத்துக் காடுகளில் 1978 முதல் ஒரு முறை இருக்கிறது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்த மரம் வெட்டலாம் என்று எண்ணி அடையாளம் போட்டு, ஒரு பகுதியில் வெட்டினால் மறுபடி அங்கே வர ஏறக்குறைய முப்பது ஆண்டு காத்திருப்பார்கள். அது கீழ்க்காட்டுக்கு. ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள மலைக்காட்டை மரம் வெட்டாமல் தண்ணீருக்கும் மண்ணுக்கும் காவலாக விட்டுவிடுவது என்பது கொள்கை. நாம் இருப்பது அதற்கு மேலே. எனவே உலு தெலோம், மெந்திகி காடுகளில் விறகு கிடைக்கும் என்று எண்ணவே வேண்டாம். சரிவில் மரத்தின் வேர் போனால் மண் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜனவரி 26 விடியற்காலையில் புளூ வேலியில் நடந்த மண் சரிவில் மியன்மார்த் தொழிலாளர்கள் ஐந்து பேர் உயிரோடு புதைந்து போனார்கள். அது விறகு வெட்டியதால் வந்தது என்று நான் சொல்லவில்லை. இந்த மலையின் மண் எவ்வளவு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு சரிவுக்குக் கீழே யாரும் எதற்காகவும் நிற்கக் கூடாது.

அப்படியானால் விறகுக்கு எங்கே போவது? தேயிலைத் தோட்டம் உள்ள மற்ற இடங்களில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் ஊட்டியைக் கட்டியபோது குளிருக்கு எரிக்கச் சோலைக் காடுகளையே வெட்டித் தள்ளினார்கள். சோலை குறைந்து விறகுக்குப் பஞ்சம் வந்தது. 1843ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூரத் தைல மரத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். 1863ல் ஆரம்பி என்ற இடத்தில் அதைத் தோட்டமாகவே போட்டார்கள், விறகுக்கென்றே. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம் அது. (அந்த மரங்களும் சீகை மரமும் பிறகு நீலகிரியின் புல்வெளிகளைப் பெரிதும் விழுங்கிவிட்டன என்பது வேறு கதை. ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றை இழந்தார்கள்.) மூணாறு பக்கம் கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்காகவே யூகலிப்டஸ் காடுகளை வளர்த்து முறை வைத்து வெட்டுகிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ச் சனம். தொழிலாளர் வீட்டுக்கும் விறகு கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. நேற்று வெட்டிய பகுதி எது, அடுத்து வெட்டப் போவது எது என்று காகிதத்தில் இருக்கும். ஒளிந்து போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

நமக்கு அவ்வளவு பெரிய விறகுக்காடு வேண்டியதில்லை. வெந்நீருக்குத்தானே. தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே எரிப்பதற்குக் கட்டை இருக்கிறது. மூன்று நாலு ஆண்டுக்கு ஒரு முறை கவ்வாத்து நடக்கிறது. மெல்லிய கிளையும் இலையும் மண்ணுக்கே உரமாகக் கிடக்கட்டும். அதை வாரிக்கொண்டு வந்தால் செடி பட்டினி கிடக்கும். விரலுக்கு மேல் பருத்த கொம்புகளைக் கேட்டு வாங்கலாம். பழைய செடியைப் பிடுங்கி மறுநடவு செய்யும்போது வருகிற தூரும் வேரும் நல்ல விறகு; தேயிலைக் கட்டை இறுகிய கட்டை, நின்று எரியும். காற்றில் சாய்ந்த மரம், ரோட்டோரம் ஆபத்தாக நின்று வெட்டப்பட்ட மரம், நிழலுக்கு வைத்த மரத்தின் கிளை, இவையும் உண்டு. ஆனால் தோட்டத்து நிலம் என்பதற்காக எல்லா மரமும் கேட்பாரற்றது என்று நினைக்காதீர்கள். தானாக வளர்ந்த காட்டு மரத்தை வெளியே கொண்டுபோக வன இலாகாவின் லைசென்ஸ் தேவைப்படும். அந்தக் காகித வேலையைச் செய்ய வேண்டியது ஆபீஸ், நீங்கள் அல்ல.

ஆகவே கிளைச் சங்கத் தலைவர்கள் அடுத்த முறை நிர்வாகத்தோடு உட்காரும்போது சம்பளம், போனஸ், வீட்டுக் கூரை ஆகியவற்றோடு இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: விறகு எடுக்க ஓர் இடம், மாதத்தில் ஒரு நாள், எழுத்தில் ஒரு கடிதம், காய வைக்க ஒரு கூரை. இதில் நிர்வாகத்துக்குப் பெரிய செலவு இல்லை. மறுநடவுத் தூரைக் குவித்துத் தீ வைத்துவிடுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். தொழிலாளி வீட்டில் எரிய வேண்டியது மலையில் வீணாக எரிந்தது. அனுமதி கையில் இருந்தால் பகலில் போகலாம், நாலு பேராகப் போகலாம், நல்லதைப் பொறுக்கலாம், அடுக்கிக் காய வைக்கலாம்.

வெட்டப் போகும் நாளைப் பற்றிச் சில வார்த்தைகள். மருந்து கடித்த செடியை உடனே வெட்டி எரிக்காதீர்கள். எந்த வட்டத்தில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று மண்டோரைக் கேளுங்கள். காலில் பூட்ஸ் இல்லாமல் சிலிப்பரோடு கோடாலி தூக்குகிறவரைப் பார்த்தால் எனக்குத் தையல் ஊசிதான் ஞாபகம் வருகிறது. பெரிய மரத்தைச் சாய்க்கும் வேலையைத் தெரிந்த ஆளிடம் விட்டுவிடுங்கள். காய்ந்து நிற்கிற மரம் சுலபமாகத் தோன்றும், ஆனால் அடியில் ஒரு வெட்டு விழுந்ததும் உச்சிக் கிளை ஒடிந்து வெட்டுகிறவன் தலையிலேயே விழுவது உண்டு. அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் மரமானால் தரையிலிருந்து ஒரு சாணுக்குள், சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். மழைத் தண்ணீர் நிற்காமல் வழியும், கட்டை அழுகாது.

கட்டையைப் பிளக்கும்போது அடியில் ஒரு பெரிய முண்டை வைத்து, அதன் மேல் நிறுத்திப் பிளக்க வேண்டும். கோடாலி தவறினாலும் முண்டில்தான் இறங்கும், காலில் இறங்காது. பிள்ளைகள் எட்டி நிற்கட்டும்.

வெட்டுக் காயம் பட்டால் காப்பித்தூள், புகையிலை, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். சுத்தத் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நின்றதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் தூக்கிப் பார்க்காமல் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். பிறகு ஓடுகிற தண்ணீரில் கழுவி மருந்தகத்துக்கு வாருங்கள். மண் பட்ட காயமானால், கடைசியாக வில்வாத ஜன்னி ஊசி, அதாவது டெட்டனஸ் ஊசி, போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். எப்போது போட்டோம் என்று நினைவில்லாதவர்கள்தான் அதிகம். அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

ரெங்காஸ் மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழ்நாட்டுக் காட்டில்தான் இது அதிகம். பட்டையைக் கீறினால் வடிகிற பால் காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். அந்தப் பால் தோலில் பட்டால் எரிந்து கொப்புளம் கிளம்பும், முகமெல்லாம் வீங்கும். அதை எரித்தால் புகையும் கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும். கறுப்புப் பால் வடிகிற எந்த மரத்தையும் தொடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பால் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், உடுத்திய துணியையும் தனியே துவையுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். நம் மலைக்கென்றே ஒரு பச்சை விரியன் உண்டு. இலையோடு இலையாக இருக்கும். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை ஆட்டாமல், தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜ்ஜா கல்சோம் ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோங்கள். கம்போங் ராஜாவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் வளைவு ரோடு. மந்திரிக்கிறவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நேரத்தை வீணாக்கினால் அந்த ரோடு இன்னும் நீளமாகிவிடும்.

அட்டையைப் பற்றிப் பயம் வேண்டாம். நகத்தால் வாய்ப் பக்கம் நெம்பினால் விட்டுவிடும்.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு. காட்டோரப் புதரில் தூசி அளவு உண்ணி ஒன்று இருக்கிறது. கடித்தால் வலிக்காது, அரிக்காது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் கடுமையான காய்ச்சல், தலைவலி. உடம்பைத் தேடிப் பார்த்தால் அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். இதைப் புதர்க் காய்ச்சல் என்று சொல்லலாம். டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். ஒரு காலத்தில் இதற்கு மருந்தே கிடையாது. 1948ல் நம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான் குளோரம்பெனிக்கால் மருந்தைக் கொடுத்து இந்த நோயைக் குணமாக்க முடியும் என்று கண்டார்கள். இப்போது டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆனால் சந்தேகப்பட்டால்தானே கொடுக்க முடியும்? "நான் பத்து நாளைக்கு முன் விறகுக்குப் போனேன்" என்ற ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லாவிட்டால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

குரங்கு மலேரியாவும் அப்படித்தான். காட்டுக் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வருவது. இயற்கையாக இப்படித் தொற்றிய முதல் மனிதர் 1965ல் கண்டறியப்பட்டார். அவர் வேலை செய்த காடு வேறெங்கும் இல்லை, நம் பஹாங்கில்தான். மனித மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் பரவவில்லை. இந்தக் குரங்கு மலேரியா மட்டும் நின்றபாடில்லை. இதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். எனவே நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளுகிற ஒவ்வொரு நாளும் நோய் வளர்கிற நாள். உச்சியில் குளிரால் கொசு குறைவு. மலைக்குக் கீழே இறங்கிக் காட்டில் தங்கி வருகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அங்கே சாயந்திரம் நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி விறகு வீட்டுக்கு வருவதைப் பார்ப்போம். வெட்டிய அன்றே சுமக்க வேண்டாம் என்பது என் யோசனை. பச்சைக் கட்டையைச் சுமப்பது என்றால் பாதிக்குப் பாதி தண்ணீரைச் சுமப்பதுதான். அனுமதி இருந்தால் வெட்டிய இடத்திலேயே பிளந்து, இரண்டு கொம்பின் மேல் அடுக்கி, சில வாரம் விட்டுவிடலாம். எடை குறைந்த பிறகு கொண்டுவந்தால் இடுப்பும் கழுத்தும் பிழைக்கும். கர்ப்பிணிகளும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும் தலைச்சுமை தூக்கவே கூடாது.

பிளக்காத உருட்டுக்கட்டை காயவே காயாது. பட்டை தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, முழங்கை நீளத்துக்கு அறுத்து வையுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கல்லோ கம்போ போட்டு, அதன் மேல் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம். பக்கங்களை மூடாதீர்கள், கித்தானால் சுற்றிக் கட்டினால் விறகு வேர்த்துப் பூசணம் பிடிக்கும். வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்க வேண்டாம். எலியும் தேளும் பூரானும் குடி வரும், எலி இருந்தால் பின்னாலேயே பாம்பு வரும், எலி மூத்திரத்தால் எலிக் காய்ச்சல் வேறு. அடுக்கிலிருந்து கட்டை உருவும்போது கையுறை போடுங்கள், அல்லது முதலில் ஒரு குச்சியால் தட்டுங்கள்.

எவ்வளவு நாள் காய வேண்டும்? கீழ்நாட்டு வெயிலானால் நாலைந்து மாதம் போதும் என்பார்கள். நம் மலையில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு பெரிய மழை. மற்ற மாதங்களிலும் மூடுபனி சும்மா இருப்பதில்லை. நல்ல காற்றோட்டத்தில் வைத்தாலும் ஆறு மாதம் குறைந்த கணக்கு, ஓர் ஆண்டு நல்ல கணக்கு. ஜனவரி, பிப்ரவரியில் மழை சற்றுக் குறையும். பொங்கல் முடிந்ததும் வெட்டிப் பிளந்து அடுக்கினால் அடுத்த பொங்கலுக்கு அந்த விறகு தயார். இந்த ஆண்டு எரிப்பது போன ஆண்டு விறகாக இருக்க வேண்டும். முதல் ஆண்டு மட்டும்தான் கஷ்டம், கையில் பழைய விறகு இருக்காது. அந்த ஓர் ஆண்டுக்கு வெந்நீரைக் கேஸிலேயே வைத்துக் கொஞ்சம் செலவைத் தாங்கினால் பிறகு வண்டி தானாக ஓடும்.

காய்ந்ததா என்று பார்க்க மிஷின் வேண்டாம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் "டங்" என்று கணீரென்று கேட்க வேண்டும். "தொப்" என்றால் ஈரம். வெட்டு முகத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை கையோடு கழன்று வரும். அடுப்பில் வைத்தபின் நுனியில் சீறி நுரை தள்ளினால் அதை இழுத்து அணைத்து மறுபடி அடுக்கில் போடுங்கள்.

அடுப்பு பற்றவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்றி முகத்தையும் கையையும் சுட்டுக்கொண்டவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். பற்ற வைக்கக் காய்ந்த சிராய் போதும். பிளாஸ்டிக் பை, உரச் சாக்கு, மருந்துப் புட்டி, பழைய டயர்த் துண்டு எதுவும் அடுப்பில் போகக் கூடாது. பச்சை நிறம் ஏறிய வேலிக் கம்பம், பழைய வீட்டுச் சட்டம் கிடைத்தாலும் தொடாதீர்கள். கறையான் பிடிக்காமல் இருக்க அதில் ஏற்றியிருக்கிற மருந்தில் ஆர்செனிக், அதாவது பாஷாணம் இருக்கலாம். எரித்தால் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாட்டி வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். இரண்டு பக்கத்துக் கித்தானை அவிழ்த்தோம். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தகரத்தை எடுத்துவிட்டோம். கல் மூன்றையும் களிமண்ணால் சுற்றிப் பூசி, முன்னால் விறகுக்கு ஒரு வாய் மட்டும் விட்டோம். குழந்தைகள் விளையாடும் பாய் அடுப்பிலிருந்து எட்டிப் போனது. பேரன் பக்கத்துத் தோட்டத்து நண்பரிடம் ஒரு லாரி மறுநடவுத் தூர் கேட்டு வாங்கினான், சீட்டோடு. இருமல் முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த வயதில் நுரையீரலில் ஏறியது ஒரேயடியாக இறங்காது. ராத்திரி தூங்குகிறார். குனிந்து கூட்டும்போது முன்போல மூச்சு வாங்குவதில்லை. கொட்டகை தோட்டத்து வீட்டோடு சேர்ந்ததானால் இப்படிப்பட்ட வேலைகளை நிர்வாகமே செய்து தரும்படி கேளுங்கள். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை.

கடைசியாக ஒன்று. இதை மட்டும் இன்றைக்கே வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். குளிர் அதிகமான ராத்திரியில் சட்டியில் கரியும் தணலும் போட்டுப் படுக்கும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டில் கட்டாயம் இருக்கிறது. தணலில் புகை இல்லை, அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு வாயு தணலில்தான் அதிகம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு வாந்தி, மயக்கம். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. அறையில் படுத்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் காற்று சேரவில்லை, சாப்பாடு சேரவில்லை என்று விபூதி தேடாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியே இழுத்து, 999க்குச் சொல்லுங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் சூடு வேண்டுமானால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், பிள்ளையின் உடம்பில் படாமல்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள், புகைதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாமல், முதலில் சளிச் சோதனைக்கு வாருங்கள். காலையில் எழுந்ததும் வருகிற முதல் சளி வேண்டும். டப்பி மருந்தகத்தில் தருகிறேன்.